ஞாயிற்றுக்கிழமை நல்ல தண்ணீர்

மூடி தொலைந்த ஐந்து தண்ணீர்க் கேன்கள். கல்யாண மண்டபத்தில் கவிழ்த்து வைப்பார்களே, அந்த இருபது லிட்டர் கேன்கள்தான். அவற்றின்மேல் கறுப்பு மார்க்கரால் ட்ரீட்மென்ட் ஒன்று, ட்ரீட்மென்ட் இரண்டு என்று ஐந்து வரைக்கும் நானே எழுதி, கல்லூரியின் நிழல்வலைக் கூடத்தில் ஓரமாக அடுக்கி வைத்திருந்தேன். முதல் கேனில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் கடல்நீரில் இருக்கும் உப்பில் கால் பங்கு, மூன்றாவதில் அரைப் பங்கு, நான்காவதில் கடல் அளவு, ஐந்தாவதில் கடலையும் மிஞ்சிய உப்பு. என் முனைவர் பட்டம் மொத்தமும் அந்த ஐந்து கேன்களுக்குள் இருந்தது. இது எதற்கு என்று யாராவது கேட்டால் கேன்மேல் எழுதியிருந்த அந்த ஒரே வார்த்தையைப் பதிலாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்த ஒற்றை வார்த்தை ஒரு மனிதரையும் என்னையும் என்ன பாடு படுத்தியது என்று நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. முதலில் அவர்மேல் வந்த எரிச்சல், இப்போது பெரும்பாலும் என்மேலேயே வருகிறது.

என் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா சுற்றுலா வேன் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சேற்றில் இறங்கி உமரிக்கீரை பறித்து வந்தால் அம்மா திட்டவும் செய்வாள், வாங்கிக்கொள்ளவும் செய்வாள். நாலு தண்ணீரில் அலசி, வேகவைத்துப் பிழிந்து, பருப்போடு கடைவாள். அதற்கு மட்டும் உப்புப் போட மாட்டாள். வேறு எந்தச் செடியை நட்டாலும் கருகிப்போகிற அந்த மண்ணில் உமரி மட்டும் தளதளவென்று நிற்கும். உப்பில்தான் உமரி வளரும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் இந்தக் கதையின் கோளாறு.

நான் ஆராய்ந்தது உமரியின் பசுங்கணிகத்தை. இலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னதாகப் பச்சை உறுப்புகள் இருக்கின்றன. வெயிலைப் பிடித்துச் செடிக்குச் சோறாக்கித் தருவது அவைதான். ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே மெல்லிய சவ்வுகள் தோசை அடுக்கியதுபோல் அடுக்கடுக்காக இருக்கும். நெற்பயிரில் உப்பு ஏறினால் அந்த அடுக்கு குலைந்து, சவ்வுகள் உப்பி, பயிர் பசியில் சாகும். உமரி வேறு ரகம். வருகிற உப்பில் பெரும்பகுதியைச் செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நீர்ப்பைக்குள் தள்ளி அடைத்துவிடும். பசுங்கணிகமும் கொஞ்சம் உப்பைத் தாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். அளவான உப்பு கிடைத்தால் அடுக்குகள் இன்னும் நெருங்கி நிற்கும், உப்பே இல்லாவிட்டால்தான் செடி சோம்பிப் போகும். எவ்வளவு உப்புவரை அது சமாளிக்கும், எந்த இடத்தில் தடுமாறும் என்பது என் கேள்வி. கீரைக்கு எதற்கடி ஆராய்ச்சி என்று சித்தி கேட்டாள். உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்குத் தலையை நீட்ட வேண்டும். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. கீரையோ கத்தரிக்காயோ, எனக்கு அந்தப் பட்டம் வேண்டும்.

நிழல்வலைக் கூடத்துச் சாவி தோட்டக்காரரிடம் இருக்கும். எல்லோரும் அவரை அண்ணாத்த என்போம். அச்சரப்பாக்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக மாறி, இருந்த நிலம் உப்புப் பூத்துப் பாழாகிப் போனதால் ஒப்பந்தக்காரர் மூலமாக எங்கள் கல்லூரிக்கு வேலைக்கு வந்தவர். காலைப் பாசஞ்சரில் வந்து செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் மாறி, ஏழரைக்கெல்லாம் ஹோஸும் கையுமாக நிற்பார். செம்பருத்தியைப் பெயர் சொல்லித் திட்டுவார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடுவார். என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். நான் டாக்டருக்குப் படிப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது வேறு டாக்டர் என்று நான் விளக்கவில்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

கேன்களை நான் கொண்டுவந்து வைத்த அன்று, "இதெல்லாம் இன்னாம்மா?" என்று கேட்டார். நான் உப்பை நிறுத்துக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை தவறிவிடக் கூடாது. தலையைக்கூடத் திருப்பாமல், "ட்ரீட்மென்ட் அண்ணாத்த" என்றேன். "ஓகோ" என்று போய்விட்டார். திங்கள் முதல் சனிவரை உமரி நட்ட தொட்டிகளுக்குக் கேன் வாரியாக நானே கரைசல் ஊற்றுவேன். சனி மாலை ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். ஞாயிறு செடிகளுக்கும் விடுமுறை. மற்றப் பூச்செடிகளுக்குத் தண்ணீர்விட அவர் ஞாயிறு காலை வருவார் என்று தெரிந்து, முதல் சனிக்கிழமை கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமைல மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க அண்ணாத்த" என்றேன். ஆடு புகுந்துவிடாமல், ஹாஸ்டல் பிள்ளைகள் வந்து நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்துச் சொன்னேன். வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வரிதான்.

அதன்பிறகு வந்த எட்டு மாதங்களை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை ஒரு முறை, வியாழக்கிழமை ஒரு முறை இலை கிள்ளுவேன். உமரி இலை பென்சில் முனைபோல் உருண்டையானது, கையில் நிற்காது, வழுக்கும். அதைக் கரைசலில் பதப்படுத்தி, சென்னையில் பெரிய நுண்ணோக்கி இருக்கும் இடத்துக்கு அனுப்பி, வரிசையில் காத்துக் கிடந்தால் ஒன்றரை மாதம் கழித்துப் படங்கள் வரும். வியாழக்கிழமைப் படங்களில் அடுக்குகள் நெருக்கமாக, ஒழுங்காக, பார்க்கவே கண்ணுக்கு அழகாக இருக்கும். திங்கட்கிழமைப் படங்களில் அதே செடியின் பசுங்கணிகம் உப்பி உருண்டு, அடுக்குகளுக்கிடையில் இடைவெளி விட்டுக் கிடக்கும். அதே தொட்டி, அதே கேன், மூன்று நாள் வித்தியாசம். அதிலும் ஐந்தாம் கேன் செடிகளில்தான் கூத்து அதிகம். ஒன்றாம் கேன் செடிகளோ எந்தக் கிழமையும் ஒரே மாதிரி இருந்தன. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

பதப்படுத்தும் கரைசலை மாற்றினேன். பிளேடை மாற்றினேன். இலை கிள்ளும் நேரத்தைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றினேன். தராசின்மேல் சந்தேகப்பட்டு வேறு துறைக்குப் போய் உப்பை மறுபடி நிறுத்துப் பார்த்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒவ்வொரு முறையும் படங்களைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "செடி பொய் சொல்லாதும்மா. கை சரியில்லைன்னா இப்படித்தான் வரும்" என்பார். திங்கட்கிழமை என்றால் உன் மனசு ஊரிலேயே இருந்துவிடுகிறதோ என்று ஒருநாள் கேட்டார். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்று அழுதிருக்கிறேன். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, எந்தப் பையன் என்று கேட்டாள். பசுங்கணிகம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் மாமா மகள் கல்யாணம், விடிகாலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும், ஆய்வகத்தில் விட்டுவந்த போன் சார்ஜரை எடுக்கப் பட்டுப்புடவையோடு கல்லூரிக்குப் போனேன். நிழல்வலைக் கூடத்தில் அண்ணாத்த என் தொட்டிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி, கையில் பிளாஸ்டிக் மக். ஐந்தாம் வரிசைச் செடி ஒன்றின் தண்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, லீவு நாள்ல வந்துகீற? எங்கனா கண்ணாலமா?"

"என்ன அண்ணாத்த பண்றீங்க?"

"நல்ல தண்ணி ஊத்திகினு கீறேன்."

"எதுக்கு?"

"எதுக்காவா? நீ ஊத்துற மருந்து இதுங்களுக்கு ஒத்துக்கலம்மா. பாரு, அஞ்சாம் நம்பர் கேனு ஊத்துனதெல்லாம் எப்டி செவந்து போயி, காச்சக் கண்ட மாரி கீதுன்னு. ட்ரீட்மென்ட்ல கீற ஜீவன், வாரத்துல ஒரு நாளாச்சும் நல்ல தண்ணி குடிக்க வேணாமா?"

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருகிற எல்லோருக்கும் ட்ரீட்மென்ட் என்றால் வைத்தியம். வேறு அர்த்தம் கிடையாது. ஒரு சோதனையில் செடிக்குக் கொடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு அளவுக்கும் அதுதான் பெயர் என்பது எங்கள் துறைக்கு வெளியே யாருக்குத் தெரியும்? டாக்டருக்குப் படிக்கிற பெண் சீக்குச் செடிகளை வரிசையாக வைத்து, நம்பர் போட்டு மருந்து ஊற்றுகிறாள், மருந்து கடுமையாக இருக்கிறது, செடிகள் சிவந்துபோகின்றன என்று அந்த மனிதர் எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். உப்பு அதிகமானால் உமரி சிவக்கும், அது சீக்கல்ல. அவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் உமரியை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். யோசிக்கவில்லை. பட்டுப்புடவை தண்ணீரில் இழுபட, கத்தினேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது மருந்தில்ல, உப்பு! நான்தான் போடறேன்! எட்டு மாசத்து வேலை மொத்தமும் போச்சு!"

அவர் மக்கைக் கீழே வைத்தார். "உப்பா?" என்றார். "செடிக்கா? நீயா போடுற?" என்று அவர் கேட்ட தொனியும், என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையும் இன்னும் நினைவிருக்கின்றன. "எங்க நெலம் அப்டித்தாம்மா போச்சு" என்றார். பிறகு, "நீதானேம்மா அன்னிக்கு" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "ஒண்ணும் பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சார்ஜரை மறந்துவிட்டேன்.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். என் கையில் கோளாறில்லை என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஞாயிறு தண்ணீர் ஊற்றிய செடிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். அதற்குக் கால நீட்டிப்பு வேண்டும். நீட்டிப்புக்குக் காரணம் வேண்டும். "எழுத்துல கொடும்மா. யார் பண்ணினதுன்னு பேரோட எழுது. பொதுவா எழுதினா கமிட்டி திருப்பி அனுப்பிடும்" என்றார். மேற்பார்வையாளரிடம் போய் அண்ணாத்தையின் பெயரைக் கேட்டேன். இரண்டு வருடம் தினமும் பார்த்துப் பேசிய மனிதரின் பெயரை, புகார் எழுதுவதற்காகத்தான் முதன்முதலாகக் கேட்டேன். தலைப்பெழுத்து உட்படத் தப்பில்லாமல் எழுதினேன். ஆய்வுச் செடிகளில் அனுமதியின்றித் தலையிட்டு, தொடர்ந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று நல்ல நடையில் எழுதினேன். கொஞ்சம் பார்த்துக்குங்க என்று நானே சொன்னதை எழுதவில்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த வரியைத் தாளில் எழுதி, படித்துப் பார்த்து, வேறு தாள் எடுத்தேன்.

நீட்டிப்பு கிடைத்தது. அந்த வாரக் கடைசியில் ஒப்பந்தக்காரர் அண்ணாத்தையை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தச் சொல்லவில்லையே என்று என் அறைத் தோழியிடம் நாலு முறை சொன்னேன். அவள் ஒரு முறைதான் கேட்டாள்: "வேற என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சே?" புதிதாக வந்தவர் என் தொட்டிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. செடி செத்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு அப்படிப்பட்டவர்தான் தேவைப்பட்டார். திங்களும் வியாழனும் ஒரே மாதிரி வந்தன. வரைபடத்தில் கோடு போட்டால் அளவுகோல் வைத்ததுபோல் வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தேன், பட்டம் வாங்கினேன், வேறொரு கல்லூரியில் தாவரவியல் நடத்தப் போனேன். பழைய திங்கட்கிழமைப் படங்களைக் கணினியில் கோளாறு என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் போட்டு மூடினேன்.

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் கழிப்பக்கம் நடந்தபோது உமரிக் காடு முழுக்க நல்ல தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் வெயில் ஏறிக் கடல்நீர் உள்ளே வந்தால் மறுபடி உப்பு. உமரியின் பிழைப்பே இதுதான். உப்பு, திடீரென்று நல்ல தண்ணீர், மறுபடி உப்பு. எந்த உமரியும் என் கேன்களில் இருந்ததைப்போல் மாதக்கணக்கில் ஒரே அளவு உப்பில் நின்றதில்லை. அண்ணாத்த ஞாயிற்றுக்கிழமை ஊற்றியது மழை. திங்கட்கிழமை பசுங்கணிகம் உப்பி நின்றதும், வியாழனுக்குள் அடுக்கைச் சரிசெய்துகொண்டதும் கோளாறல்ல. மழைக்குப் பிறகு அது எப்படி மீள்கிறது என்பதைத்தான் நான் எட்டு மாதம் படம் எடுத்திருக்கிறேன். பட்டம் வாங்கித் தந்த என் நேர்க்கோட்டைவிட அந்தப் படங்கள் பெரிய விஷயம். சேற்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, அம்மா மழைக்காலத்து உமரியை இரண்டு தண்ணீரில் அலசினால் போதும் என்று சொல்வாளே, அது தெரிந்த எனக்கு, இது அப்போது மண்டையில் ஏறவில்லை. அந்தச் சேற்றிலேயே நின்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

கோப்புறையைத் திறந்தேன். படங்கள் பத்திரமாக இருந்தன. ஆனால் எவ்வளவு தண்ணீர், எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்ற குறிப்பில்லாமல் அவற்றை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. அது தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். பழைய கல்லூரியில் பெருக்கும் அக்காவிடம் விசாரித்து, செங்கல்பட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் அவரைக் கண்டுபிடித்தேன். காவலாளிச் சட்டை, தலை முழுக்க நரை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு நின்றார். நலமா என்று கேட்டேன், பிள்ளைகளைக் கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், நோட்டைத் திறந்து, ஒரு தொட்டிக்கு எத்தனை மக் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ரெண்டு மக்கு. செவந்ததுக்கு மட்டும் மூணு. வெய்யில் ஏறங்காட்டியும் ஊத்திருவேன். நீ மொத மொத ஊருக்குப் போன பாரு, அதுக்கு மறுநாள்லேந்து. ஒரு வாரம் தவறல. எங்க வூட்ல விசேசம்னாக்கூட ஊத்திட்டுத்தான் போனேன்."

எழுதிக்கொண்டேன். அவர் செய்தது தப்பே இல்லை, அந்தச் செடி மழைக்கு என்ன செய்யும் என்று அவரால்தான் எனக்குத் தெரிந்தது, அவர் பெயரையும் போட்டு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மக்குன்றத எயுதிகினியா?"

"எழுதிட்டேன் அண்ணாத்த."

"மூணுன்றத?"

"அதையும் எழுதிட்டேன்."

"அன்னிக்கு என்னாண்ட பாத்துக்கச் சொன்னது நீதான்றதையும் எயுது."

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டைத் திறக்கப் போகவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.